பெட்டிக் கொத்து

யோகலட்சுமி செய்த பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் இரண்டு மணி நேரம் ஒழுகாமல் நின்றது. மோர் ஒன்றரை மணி நேரம். ரசம் நாற்பது நிமிடம். இதையெல்லாம் ஆய்க்குடியில் தன் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். சால்னாவை மட்டும் அவள் ஊற்றிப் பார்க்கவில்லை. அவள் வீட்டில் யாருக்கும் சால்னா வைக்கத் தெரியாது.

கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் அவள். கல்யாணமாகி ஆய்க்குடிக்கு வந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. கணவன் பேச்சிராஜ் சொந்தமாக டெம்போ வைத்துப் பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவன். திரும்புகிறபோது வண்டி காலியாகத்தானே வருகிறது என்று, ஒருநாள் கடையத்து அரிசி ஆலையிலிருந்து தவிடும், இன்னொருநாள் செங்கோட்டைப் பக்கம் சிப்ஸ் போடுகிற இடத்திலிருந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கின் சக்கையும் அள்ளி வரச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து சூடான இரும்பு அச்சில் வைத்து அழுத்தினால், மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று வந்தது. பழுப்பு நிறம். தட்டினால் டொக்கென்று சத்தம். ஈர மண்ணில் புதைத்தால் மூன்று வாரத்தில் பெட்டியும் மண்ணாகிவிடும்.

முதலில் அதை வாங்க ஒத்துக்கொண்டவர் குற்றாலத்தில் புரோட்டா கடை வைத்திருந்த சேக் தாவூது பாய். அவருக்கு வேறு வழியில்லை. சீசன் தொடங்கிவிட்டது, அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டம் கடை வாசலில் மொய்க்கிறது. ஆனால் பிளாஸ்டிக் கவர்களைப் பிடிக்க வந்தவர்கள் இரண்டு முறை கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புரோட்டாவை வாழையிலையில் கட்டிவிடலாம். சால்னாவை எதில் கட்டுவது?

“இதுல நிக்குமா, தாயி?” என்று பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார் பாய்.

“ரசம் நாப்பது நிமிசம் நின்னுருக்கு, பாய்.”

“ரசம் யாரு கேட்டா? நம்ம கடையில ரசமா விக்குதோம்?”

கல்லுக்குப் பின்னால் நின்று புரோட்டாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து நொறுக்கிக்கொண்டிருந்த பெலிக்ஸ் சிரித்தான். இருபது வருடமாக மாவு பிசைகிறவன். அவன் போடுகிற புரோட்டாவுக்காகவே ராஜபாளையத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

“பாய், சவம் அது டீயில முக்குத பிஸ்கட்டு மாதிரில்லா இருக்கு. சால்னாவ ஊத்தினா வாயப் பொளந்து சிரிச்சிரும்.”

யோகலட்சுமிக்குச் சுருக்கென்றது. ஐம்பது பெட்டிகளை மேசையில் அடுக்கிவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பார்சல், வேனில் வந்த ஒரு குடும்பத்துக்குப் போனது. ஐந்தருவிக்குப் போய்ச் சாப்பிடப் போவதாகச் சொன்னார்கள். பதினோராவது நிமிடத்தில் வேன் திரும்பி வந்து கடை முன்னால் நின்றது. உள்ளேயிருந்து இறங்கிய பெரியவரின் வெள்ளை வேட்டியில் தொடையிலிருந்து முழங்கால்வரை சால்னா.

யோகலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். பாய் கல்லாவை விட்டு இறங்கி, “அண்ணாச்சி, மன்னிச்சிருங்க, புதுசா வந்த பெட்டி, நம்ம தப்பு இல்ல, அந்தப் பிள்ளதான்...” என்று ஆரம்பித்தார்.

“அத விடுங்க” என்றார் பெரியவர். “இந்தப் பெட்டி இன்னும் இருக்கா?”

“எது?”

“ஓட்டையான பெட்டியத்தான் கேக்கேன். பேரப்பிள்ளைக அதையும் பிச்சுத் தின்னுட்டுதுவ. இப்ப எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ஒரே சண்டை. நானும் ஒரு வாய் போட்டேன். சால்னால ஊறி, அப்பிடி இருக்கு! அத மட்டும் தனியா தருவீயளா?”

பெலிக்ஸ் நொறுக்கிக்கொண்டிருந்த புரோட்டாவைக் கீழே வைத்தான்.

சேக் தாவூது பாய் முப்பது வருடம் வியாபாரம் பார்த்தவர். வாடிக்கையாளர் ஒன்றைக் கேட்டால், அது என்னவென்று யோசிக்கிறதுக்கு முன்னால் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. “இருக்கு, அண்ணாச்சி” என்றார். பிறகு பெலிக்ஸ் பக்கம் திரும்பி, “ஏலே, நாலு பெட்டிய உடைச்சுக் கல்லுல போடு. முட்டை, வெங்காயம், சால்னா. கொத்து” என்றார்.

“என்னத்த, பாய்?”

“சொன்னதச் செய்யி.”

பெலிக்ஸ் பெட்டியைக் கொத்தினான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கொத்தினான். பெரியவர் வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

மூன்றாம் நாள் கடை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது: ‘பெட்டிக் கொத்து கிடைக்கும்.’

அதற்கடுத்த இரண்டு வாரம் யோகலட்சுமிக்கு மூச்சுவிட நேரமில்லை. அச்சு ஆறாமல் ஓடியது. பாய் காலையில் ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும் போன் போட்டு, “தாயி, பெட்டி தீந்துட்டு” என்றார். யாரோ ஒருவன் அதைத் தின்று வீடியோ போட்டுவிட, அருவியைப் பார்க்காமலேயே நேராகக் கடைக்கு வருகிறவர்களும் இருந்தார்கள். பேச்சிராஜுக்கு ஒரே பெருமை.

“ஏட்டி யோகு, ஊரே உன் பெட்டியத் திங்குது!”

“நான் திங்கதுக்காங்க செஞ்சேன்?” என்றாள் அவள்.

“விக்குதுல்லா? பெறகென்ன?”

ஒருத்தி வீடு கட்டிக் கொடுத்து, குடிவந்தவர்கள் சுவரைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு ‘நல்லாயிருக்கு’ என்று பாராட்டினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஆனால் அவளை உண்மையிலேயே உட்காரவைத்தது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒருவர் பெட்டிக் கொத்து பார்சல் வாங்கிக்கொண்டு போனார். வலது கையில் பெட்டிக் கொத்து. இடது கையில் சால்னா. இரண்டும் நூல் போட்டு இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் கவரில்.

அவள் பாயிடம் ஓடினாள். “என்ன பாய் இது? கவருக்குப் பதிலாத்தான பெட்டி? இப்ப பெட்டியவே கவர்ல போட்டுத் தாரீய!”

“பின்ன எதுல போட, தாயி? பெட்டிலயா? பெட்டியத்தான் கொத்திட்டோமே.”

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் கேள்வியில் நியாயமும் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

புதன்கிழமை ஸ்ரீதேவி வந்தாள். பிளாஸ்டிக் இல்லாத கடைகளுக்கு ஒரு பச்சைப் பலகை கொடுக்கிற திட்டத்துக்காக ஜீப்பில் கடைகடையாகச் சுற்றிக்கொண்டிருந்த அதிகாரி. சின்ன வயதுதான், ஆனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வையில் பாய்கூட எழுந்து நிற்பார். தவிட்டில் பெட்டி செய்து அதில் பார்சல் கொடுக்கிற கடை என்று யாரோ சொல்லி, பலகையை ஜீப்பிலேயே கொண்டு வந்திருந்தாள். யோகலட்சுமியும் அப்போது அங்கே இருந்தாள்.

“அந்தப் பெட்டி எங்க?” என்றாள் ஸ்ரீதேவி.

பாய் கல்லைக் காட்டினார். பெலிக்ஸ் அதைக் கொத்திக்கொண்டிருந்தான்.

“சரி... பார்சல் எதுல குடுக்கீய?”

அந்த நேரம் பார்த்து ஒருவர் கவரைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே போனார். ஸ்ரீதேவி அந்தக் கவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, இரண்டு கட்டுக் கவர்களை எடுத்து ஜீப்பில் வைத்தாள்.

“அடுத்த புதன் வாரேன்” என்றாள். “அப்பவும் இப்பிடித்தான் இருந்துதுன்னா, பலகைக்குப் பதிலா பூட்டு கொண்டு வருவேன்.”

ஜீப் போனதும் பாய் யோகலட்சுமியைப் பார்த்தார். யோகலட்சுமி பாயைப் பார்த்தாள். “இனிமே பெட்டி கிடையாது, பாய்” என்றாள். “திங்கதுக்குத் தர மாட்டேன்.” அவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், சாரலில் நனைந்துகொண்டே போய்ப் பஸ் ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு மத்தியானம்வரை விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு ஆய்க்குடிக் கொட்டகை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பெலிக்ஸ். ஹேண்டில்பாரில் ஒரு தூக்குவாளி தொங்கியது. யோகலட்சுமி கரித்துண்டோடு சுவரருகே நின்றுகொண்டிருந்தாள்.

“சிரிக்க வந்தீயளா, மாஸ்டர்?”

“சிரிப்பா?” அவன் தூக்குவாளியை இறக்கி வைத்தான். “யக்கா, இருவது வருசமா மாவு பிசையுதேன். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திச்சு, எண்ணெய் போட்டு, ஊறவச்சு, வீசி, சுருட்டி... போன வாரம் ஒருத்தன் என் முன்னால வந்து நின்னு, ‘மாஸ்டர், புரோட்டா வேண்டாம், பெட்டி இருக்கா’ன்னு கேக்கான். யக்கா, நான் போட்ட புரோட்டா கல்லோரம் ஆறிக் கெடக்கு. நானே உங்க பெட்டியக் கொத்துதேன். என் கையால!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“அதத் திங்க முடியாதபடி செய்யணும். நானும் கூட நிக்கேன். எவனும் வாயில வைக்கக்கூடாது. அப்பதான் எனக்கு நிம்மதி.”

யோகலட்சுமிக்கு இவ்வளவு நாள் யாரும் இப்படி ஓர் உதவியைத் தருவதாகச் சொன்னதில்லை. வங்கியிலும் சரி, பயிற்சி முகாம்களிலும் சரி, எல்லோரும் பெட்டியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, “இதைச் சாப்பிடலாமா?” என்றுதான். சாப்பிடலாம் என்று அவளும் பெருமையாகவே சொல்லிவந்தாள்.

பெலிக்ஸ் கை கழுவிவிட்டு, பாத்திரத்தில் இருந்த தவிட்டுக் கலவையை எடுத்துப் பிசைந்து பார்த்தான். விரல்களுக்கு நடுவே இழுத்தான். முகர்ந்தான். ஒரு துளி நாக்கில் வைத்தான்.

“யக்கா, நீங்க முந்தி எங்க வேல பாத்தீய?”

“பிஸ்கட் கம்பெனியில.”

“அதான! இது பிஸ்கட்டு மாவு. கையி பழக்கத்துல போயிட்டு. தவிடுன்னா என்னது? மாட்டுக்குத் தீனி. மாடு திங்குததுல செஞ்சா மனுசனும் திங்கத்தான் செய்வான். மாடே திங்காதது அந்த ஆலையில ஒண்ணும் கெடையாதா?”

“உமி இருக்கு” என்றாள் யோகலட்சுமி. சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கடையத்து ஆலையின் பின்புறம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிற உமிக் குவியலை இத்தனை மாதமும் பேச்சிராஜின் டெம்போ சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறது. தவிட்டையாவது மாட்டுக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். உமியைத்தான் எரிப்பதா கொட்டுவதா என்று ஆலைக்காரரே தவித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு. பிசைஞ்ச ஒடனே அச்சுல வச்சிருவீயளா?”

“ஆமா.”

“ஊற வேண்டாமா? ஊறாத மாவுல புரோட்டா வீசினா சல்லடை மாதிரில்லா கிழியும். அதான் ஒழுகுது.”

அவள் சுவருக்குப் போய் எல்லாக் கணக்குகளையும் ஈரத்துணியால் துடைத்தாள்.

பேச்சிராஜ் போய் நான்கு மூட்டை உமி ஏற்றிக்கொண்டு வந்தான். பக்கத்து மாவு மில்லில் கெஞ்சிக் கூத்தாடி அதைப் பொடியாக்கினார்கள். மில்காரர் தும்மிக்கொண்டே திட்டினார். உமிப்பொடியும் கிழங்குச் சக்கையும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, பெலிக்ஸ் சொன்னபடி இரண்டு மணி நேரம் ஊறவைத்தார்கள். மத்தியானக் கடைக்கு வர முடியாது, காய்ச்சல் என்று அவன் பாய்க்குப் போன் போட்டான். தவிட்டெண்ணெய் ஆலைகளில் எண்ணெயைச் சுத்தம் பண்ணும்போது ஒதுங்குகிற மெழுகு கொஞ்சம் யோகலட்சுமியிடம் எப்போதோ வாங்கியது கிடந்தது. அதை உருக்கி உள்பக்கம் மெல்லிசாகத் தடவலாம் என்பது அவள் யோசனை. முன்பு அதை வேண்டாமென்று ஒதுக்கி வைத்ததற்குக் காரணம், தின்றால் வாயில் ஒட்டும் என்பதுதான். இப்போது அதுவே தகுதியாகிவிட்டது.

தின்று பார்க்கிற வேலை பேச்சிராஜுக்கு வந்தது.

முதல் பெட்டியை ஒரு கடி கடித்து மென்றான். “கொஞ்சம் உப்பு போட்டா நல்லாருக்கும்.”

பெலிக்ஸ் தலையில் கை வைத்தான். “உமியக் கூட்டுங்க, யக்கா.”

இரண்டாவதை மென்றான். “கட்டஞ்சாயாவுக்குத் தொட்டுக்கலாம்.”

மூன்றாவதை வெகுநேரம் மென்றான். இருவரும் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மெல்ல மெல்ல ஒரு ருசி வருதுடே” என்றான்.

“யக்கா, அண்ணன் கல்யாணத்துக்கு முந்தியும் இப்பிடித்தானா?” என்றான் பெலிக்ஸ். “அண்ணன வச்சுச் சோதிச்சா இந்த ஜென்மத்துல முடியாது.”

“இல்ல” என்றாள் யோகலட்சுமி. “இவரு துப்பிட்டாருன்னா, உலகத்துல எவனும் திங்க மாட்டான். அதுவரைக்கும் விடப்போறதில்ல.”

உமியை இன்னும் கூட்டி, சக்கையைக் குறைத்து, மெழுகைச் சற்றுத் தாராளமாகத் தடவி எடுத்த ஐந்தாவது பெட்டியைப் பேச்சிராஜ் கடித்தான். ஒரு தடவை மென்றான். நிறுத்தினான். கண் கலங்கியது. எழுந்து வாசலுக்கு ஓடித் தூவென்று துப்பிவிட்டு, தொண்டையைக் காறிக்கொண்டே திரும்பி வந்தான். “வைக்கோல் படப்ப வாயில திணிச்ச மாதிரி இருக்கு. மனுசன் திம்பானா இத?”

பெலிக்ஸ் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பேச்சிராஜுக்குத்தான், திட்டியதற்கு எதற்காக இத்தனை சந்தோஷம் என்று புரியவில்லை.

பெலிக்ஸ் தூக்குவாளியில் கொண்டு வந்திருந்த சால்னாவை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, புதுப் பெட்டியில் விளிம்புவரை ஊற்றினார்கள். கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பதினோரு நிமிடம் ஆனது. இருபது. நாற்பது. பேச்சிராஜ் தூங்கிவிட்டான். இரண்டரை மணி நேரம் கழித்துப் பெலிக்ஸ் பெட்டியைத் தூக்கினான். தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அவன் தாளை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, இரண்டு முறை பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

மண்ணில் கரையுமா என்ற பயம் மட்டும் அவளுக்கு மிச்சமிருந்தது. இரண்டு பெட்டிகளைத் தென்னைமரத்தடி ஈரத்தில் புதைத்து வைத்தாள். அதற்குப் பதில் தெரிய வாரங்கள் ஆகும். புதன்கிழமைக்கோ இடையில் நான்கு நாள்தான் இருந்தது.

புதனன்று காலை புதுப் பெட்டிகளைப் பார்த்ததும் பாய் வழக்கம்போல ஒன்றை உடைத்து வாயில் போட்டார். பிறகு சத்தமில்லாமல் குப்பைத் தொட்டிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

“என் யாவாரத்தக் கெடுத்துட்டீயளே, ரெண்டு பேரும் சேந்து!”

“யாவாரம் எங்கயும் போகாது, பாய்” என்றான் பெலிக்ஸ். சிலேட்டை அவனே துடைத்திருந்தான். வாசலில் வந்து பெட்டிக் கொத்து கேட்டவர்களுக்கெல்லாம், “அது இனிமே கெடையாது. புரோட்டா இருக்கு, சூடா இருக்கு” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னான். சிலர் முகம் சுளித்தார்கள். பெரும்பாலோர் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டார்கள். பசித்து வந்தவர்கள்தானே.

ஸ்ரீதேவி வந்து இறங்கினாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கவர் இல்லை. “எனக்கு ஒரு பார்சல் போடுங்க” என்றாள். நான்கு புரோட்டா ஒரு பெட்டியில், சால்னா இன்னொன்றில். அவள் இரண்டையும் ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் அந்த நிற்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது எதிர்ச் சுவரிலிருந்து ஒரு குரங்கு ஜீப்பின் மேல் குதித்தது. சால்னாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்த மின்கம்பத்தில் பாதிவரை ஏறிவிட்டது. டிரைவர் கத்தினார். பாய் கரண்டியை ஓங்கினார். குரங்கு யாரையும் கண்டுகொள்ளவில்லை. மூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, டீக்கடையில் டம்ளரைச் சாய்க்கிற மாதிரிச் சாய்த்துச் சால்னாவைக் குடித்தது. மிச்சத்தை விரலால் வழித்து நக்கியது. பிறகு பெட்டியின் விளிம்பைக் கடித்தது.

பெலிக்ஸ் கையில் மாவோடு வாசலில் வந்து நின்றான்.

குரங்கு ஒரு முறை மென்றது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தது. மறுபடியும், இன்னொரு பக்கத்திலிருந்து, ஒரு கடி. அப்புறம் மென்றதையெல்லாம் துப்பிவிட்டு, பெட்டியை ஆத்திரமாக ஸ்ரீதேவியின் காலடியில் வீசிவிட்டுப் போயே போய்விட்டது.

“பாத்தீயளா, யக்கா!” என்று கத்தினான் பெலிக்ஸ். “பாத்தீயளா!”

ஸ்ரீதேவி குனிந்து பெட்டியை எடுத்தாள். இரண்டு இடத்தில் பல் தடம். வெளிப்பக்கத்தையும் அடியையும் விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க முயன்றாள், சிரிப்பு வந்துவிட்டது. ஜீப்பிலிருந்து பச்சைப் பலகையை எடுத்துப் பாயின் கையில் கொடுத்துவிட்டு, “இந்தப் பெட்டி வேற கடைக்கும் குடுப்பீயளா?” என்று யோகலட்சுமியிடம் கேட்டாள்.

“குடுப்பேனே” என்றாள் யோகலட்சுமி. அவசரமாகக் குனிந்து, கம்பத்தடியில் கிடந்த மூடியை எடுக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சீசன் முடிகிற சமயத்தில் தென்னைமரத்தடியைத் தோண்டிப் பார்த்தாள். ஒரு பெட்டி முழுதாக மண்ணாகிப் போயிருந்தது. இன்னொன்றில் ஒரு மூலை மட்டும் இருந்தது, கிள்ளினால் உதிர்ந்தது. தவிட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் கேட்கிறது, அவ்வளவுதான். அதைப் பேச்சிராஜிடம் சொல்ல உள்ளே போனபோது அவன் போனில் கடையத்து ஆலைக்காரரோடு உமிக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்த மனிதர், இப்போது விலை சொல்லவே இரண்டு நாள் வேண்டும் என்கிறாராம்.